ஊருக்குள்ளயா, காலனியா?



உத்தமபாளையம் பேருந்து நிலையத்தில் தேனிப் பேருந்தில் ஏறி உட்காருகிறோம். பக்கத்து இருக்கையில் இருப்பவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறார். "தம்பி, எங்க போறீங்க? எந்த ஊரு?" என்று கேட்கிறார். ஊரைச் சொல்கிறோம். உடனே அடுத்த கேள்வி வருகிறது: "ஊருக்குள்ளயா, காலனியா?"

பதிலைக் கேட்டு அவர் முகம் சுளிப்பதில்லை, எழுந்து போவதுமில்லை. ஆனால் "போறீங்க" என்றிருந்தது "போற" ஆகிவிடுகிறது. அவரிடமே கேட்டால், "நான் சாதி பார்க்கிற ஆள் இல்லை" என்பார். மனமறிந்து பொய் சொல்கிறார் என்றும் சொல்ல முடியாது. தாம் செய்தது இன்னதென்று அவருக்கே தெரியாது. இதைத்தான் நாம் பொதுப்புத்தி என்கிறோம். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்தவரைச் சட்டம் பிடிக்கலாம். ஒரு சொல்லிலிருந்து மரியாதை விகுதி உதிர்வதை எந்தச் சட்டம் பிடிக்கும்?

காலனியில் இருப்பவரும் அதே ஊராட்சியின் வாக்காளர்தான். ஆனாலும் காலனி ஊருக்குள் இல்லை என்று அந்தக் கேள்வி முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. இந்த முடிவு எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

காலனிக்கு முன்னால் இருந்த சொல் சேரி. பழந்தமிழில் அது குடியிருப்பைக் குறித்த சொல். இழிவு அதில் இல்லை. பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் வரும் சேரிகள் பிராமணர்கள் வாழ்ந்த பகுதிகள். அடுத்த நூற்றாண்டில், ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில், ஊர்நத்தம் தனியாகவும் பறைச்சேரி, தீண்டாச்சேரி ஆகியவை தனியாகவும் எழுதப்படுகின்றன. ஊர் வேறு, சேரி வேறு என்ற பிரிவினை கல்லிலேயே ஏறியது. காலப்போக்கில் சேரி என்றாலே நாம் வாழும் இடம் என்றாயிற்று.

எங்கள் பள்ளத்தாக்கிலும் இதே கதைதான். 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு நீர் கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைந்தது. வயலில் நாற்று நட்டவர்களும் அறுத்தவர்களும் பொழுது சாய்ந்ததும் ஊரைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனார்கள். தண்ணீரின் பாதை மாறியது. அவர்கள் வீட்டுக்குப் போகும் பாதை மாறவில்லை.

1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டோருக்கு வீட்டுமனை வாங்கிக் கொடுக்கும் வேலையைத் தொடங்கியது. மனை கிடைத்தது பெரிய பேறு. ஆனால் பல இடங்களில் அந்த மனை ஊரை விட்டுத் தள்ளியே அமைந்தது. விடுதலைக்குப் பின் ஹரிஜன நலத்துறை கட்டிய வீடுகள் 'ஹரிஜன காலனி' என்று பெயர் பெற்றன. துறையின் பெயர் மாறியதும் பலகை 'ஆதிதிராவிடர் காலனி' ஆனது. பேச்சு வழக்கில் முன்சொல் தேய்ந்து, காலனி மட்டும் நின்றது. சேரி சுமந்த இழிவை அது சுமக்கத் தொடங்கியது.

சென்னையில் வங்கி ஊழியர் காலனி என்றோ ரயில்வே காலனி என்றோ முகவரி சொன்னால் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. சொல் ஒன்றுதான். ஆகவே அழுக்கு சொல்லில் இல்லை, கேட்பவர் காதில் இருக்கிறது.

1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானித்தது. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய செய்தி அது. வட இந்தியாவில் நிலைமை வேறு. 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தகுதியுள்ள வேலை விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயர் தாங்கியவற்றுக்கு அழைப்புகள் குறைவாக வந்தன. அங்கே பெயர் செய்த வேலையை இங்கே முகவரி செய்கிறது. பட்டத்தை விட்டோம், தெருவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கத்தை விடவில்லை. அதனால்தான் நம் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்ததும் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளக் கற்கிறார்கள். தோழியை வீட்டுக்கு அழைக்கத் தயங்குகிறார்கள். யாரும் அவமதிக்காத நாளிலும் அவமதிப்புக்குத் தயாராகவே இருக்கும் வாழ்க்கை அது.

2025 ஏப்ரல் 29 அன்று, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நாம் அதை வரவேற்கிறோம். ஆனால் வரலாறு நம்மை எச்சரிக்கிறது. சேரி போய்க் காலனி வந்தது. நாளை 'நகர்' வரும். இடமும் பார்வையும் மாறாவிட்டால், "ஊருக்குள்ளயா, நகரா?" என்று அதே பேருந்தில் கேட்பார்கள்.

இதைச் சொல்லும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் குடியிருப்பிலும் ஒரு கடைசித் தெரு இருக்கிறது. துப்புரவுப் பணிக்குப் போகும் அருந்ததியர் வீடுகளை நாம் எப்படிக் குறிப்பிடுகிறோம்? அங்கே தண்ணீர் வாங்கிக் குடிக்க நம் கை தயங்கியதே இல்லையா? 2009இல் அவர்களுக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது எதிர்ப்பு நம் பக்கத்திலிருந்தும் எழுந்தது. பொதுப்புத்தி ஊர்த்தெருவோடு நிற்பதில்லை. நம் வாசலுக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்க மறுத்துக்கொண்டு பேருந்தில் இருப்பவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இந்த நினைவுநாளில் பெரிய சபதம் எதுவும் வேண்டாம். ஒருவரிடம் ஊர் கேட்டால் ஊரோடு நிறுத்திக்கொள்வோம். நம்மிடம் யாராவது இரண்டாவது கேள்வியைக் கேட்டால் தலை குனிய வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். முகம் பார்த்துச் சொல்வோம்: "காலனியும் ஊருதாண்ணே."