எம்டன் பீரங்கியும் ஹுதைதா கரையும்

கெட்டிக்காரனையும் அஞ்சத்தக்கவனையும் 'சரியான எம்டன்' என்று சொல்லும் வழக்கு நம்மிடையே உண்டு. இராயபுரத்திலும் மணலியிலும் இச்சொல்லை ஆளும் பெரியோருள், அது ஜெர்மானியத் துறைமுகம் ஒன்றின் பெயர் என அறிந்தோர் சிலரே. அப்பெயர் தாங்கிய போர்க்கப்பல் 1908இல் கடலில் இறக்கப்பட்டது. அது சுமந்த பத்துப் பீரங்கிகளோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான அமைப்பைச் சார்ந்தவை. குழலின் வாய் 10.5 சென்டிமீட்டர், நீளம் 4.2 மீட்டர். வாய்வழியே மருந்து கெட்டித்த பழைய வார்ப்பிரும்புப் பீரங்கிகளைப் போலன்றி, பின்புறம் திறந்து பித்தளைத் தோட்டாவை நுழைத்து விரைந்து சுடத்தக்கவை.

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் அவை சென்னையை நோக்கி முழங்கின. ஹிஜ்ரி 1332, துல்கஅதா மாதத் தொடக்கம் அது. இளம்பிறை சாய்ந்து கடல் இருண்டிருந்த நேரத்தைக் கப்பல் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் பயன்படுத்திக்கொண்டார். அரைமணி நேரத்தில் ஏறத்தாழ 130 குண்டுகள்! பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றின, உயிர்களும் போயின. (நகரின் எண்ணெய்த் தொழில் பிற்காலத்தில் மணலியில் வேரூன்றியது. அங்கு 1965இல் சுத்திகரிப்பு நிறுவனம் அமைந்தபோது ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் பங்கு கொண்டது.)

அதே ஆண்டு நவம்பர் 9இல் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி, எம்டனை வீழ்த்திற்று. கரைதட்டிய கப்பலிலிருந்து கழற்றிய பீரங்கிகளுள் ஒன்று 1917 டிசம்பரில் சிட்னி நகரின் ஹைடு பூங்காவில் வெற்றிச் சின்னமாக நிறுவப்பட்டது. எஞ்சிய கப்பல் 1950களில் பழைய இரும்பாக உடைபட்டது.

கடலுப்பு ஏறிய பீரங்கியைச் செப்பனிடுவது என்றால் சுரண்டித் துடைத்து வண்ணம் பூசுவதே என்று பலர் கருதுகின்றனர். இது பெரும்பிழை. துருவுக்குள் புகுந்த குளோரைடு உப்பு வண்ணத்தின் அடியிலும் இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். காரக் கரைசலில் பொருளை அமிழ்த்தி, குறைந்த அளவு மின்சாரம் செலுத்தி, மாதக்கணக்கில், சிலபோது ஆண்டுக்கணக்கில், உப்பை வெளியேற்ற வேண்டும். பின்னரே டானிக் அமிலமும் மெழுகும். இவ்வித மின்பகுப்பு முறை சென்னைக்குப் புதிதன்று. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் தோன்றிய வேதியியல் ஆய்வுக்கூடம் அம்முறையால் செப்புத் திருமேனிகளைக் காத்தது. சுரண்டினாலோ, வார்ப்பகத்தின் முத்திரையும் எண்ணுமே முதலில் அழியும். அரபுச் சுவடியில் எழுதியவர் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் உள்ள கடைசி ஏட்டைக் கிழித்தெறிந்துவிட்டு, புது அட்டை கட்டுவதற்கு ஒப்பான செயல் அது.

பீரங்கியின் துரு நீங்கினும், அக்கப்பலின் மாலுமிகள் கதையில் நம்மைத் தொடும் பகுதி இன்னும் மூடியே கிடக்கிறது. போரின்போது தீவில் இறங்கியிருந்த ஹெல்முத் ஃபான் மூக்கேயும் ஏறத்தாழ ஐம்பது பேரும் அங்கு நின்ற பாய்க்கப்பல் ஒன்றைக் கைப்பற்றித் தப்பினர். அதன் பெயர் ஆயிஷா! சுமத்ராவின் பாடாங் வழியே சென்று, கடலில் வேறு கப்பலுக்கு மாறி, 1915 ஜனவரியில் யமனின் ஹுதைதா கரையை அடைந்தனர். துருக்கி அப்போது ஜெர்மனியின் கூட்டாளி. ஜித்தாவுக்கருகே பதவீகளால் முற்றுகையிடப்பட்டு, மக்கா ஷரீஃபின் படையினரால் மீட்கப்பட்டு, மே மாதம் அல்உலாவில் ஹிஜாஸ் இரயிலைப் பிடித்து இஸ்தான்புல் சேர்ந்தனர்.

எம்டனின் இன்னோர் அதிகாரியான லாட்டர்பாக், சிங்கப்பூரின் டாங்ளின் முகாமில் சிறையிருந்தார். 1915 பிப்ரவரி 15இல், தம்மைத் துருக்கியருக்கு எதிராக அனுப்புவர் என்று ஐயுற்ற ஐந்தாம் காலாட்படையின் முஸ்லிம் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து அம்முகாமைத் திறந்துவிட்டனர். ஜெர்மானியரிற் பெரும்பாலோர் அவர்களோடு சேர மறுத்தனர். லாட்டர்பாக் தப்பி, சீனாவும் அமெரிக்காவும் கடந்து தாயகம் போய்ச் சேர்ந்தார். கிளர்ச்சிக்காக 47 சிப்பாய்கள் ஊட்ரம் சிறைச் சுவரின் முன், மக்கள் திரண்டு பார்க்க, சுட்டுக் கொல்லப்பட்டனர்.