ஒடியற் கூழும் ஈரற் கொழுப்பும்

யாழ்ப்பாணத்தின் வேலணைத் தீவிலுள்ள சரவணை போன்ற ஊர்களில், பாத்தியிலிருந்து கிண்டிய பனங்கிழங்கைப் பிளந்து வெயிலில் காயவைத்துப் பெறப்படும் ஒடியல், நெல் பொய்த்த காலங்களில் வயிற்றைக் காத்தது. அதன் மாவை நீரில் ஊறவிட்டுக் கசப்பை வடித்து, மீன், நண்டு, முருங்கையிலை, பழப்புளி சேர்த்துக் காய்ச்சிய கூழ் பிலாவிலையில் குடிக்கப்பட்டது. குடித்தவர்கள் துலா மிதித்தும் வலை இழுத்தும் உழைத்தவர்கள் என்பதை மறந்து, உணவை மட்டும் புகழ்வது வரலாறாகாது.

1980 இல் திருகோணமலையில் பிரிமா மாவாலை இயங்கத் தொடங்கிய பின் கோதுமை மா மேலும் பெருகியது. 1990 ஆம் ஆண்டின் போர்க்கால இடப்பெயர்வு தீவகப் பனங்காணிகள் பலவற்றை ஆளற்றவையாக்கியது.

உணவு இப்படி மாறிவந்த காலத்தில், அதே 1980 இல், மது அருந்தாதோரின் ஈரலிலும் கொழுப்புப் படிந்து அழற்சி உண்டாவதை அமெரிக்க மருத்துவர் லட்விக் குழுவினர் விவரித்தனர். 1983 இல் உடல் பருத்த சிறுவரிடமும் அது பதிவாயிற்று. கொழுப்பேறிய ஈரல், டிரைகிளிசரைடு எனும் கொழுப்பை இரத்தத்தில் மிகுதியாக விடுவதால், நாளடைவில் இதய நாடிகள் தடிக்கின்றன; ஆகவே இதனை ஈரலின் நோயாக மட்டும் கருதுவது பிழை. இலங்கையின் ராகமைப் பகுதியில் 499 வளரிளம் பருவத்தினரை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வு, 42 பேரிடம் கொழுப்பீரலைக் கண்டது. தொடக்கத்தில் இந்நோய் வலி காட்டுவது அரிது. எனினும் எடை குறையும்போது ஈரலின் கொழுப்பும் குறைகிறது.