கம்பனிப் பதிவேடும் பொய்ப் பதிவுகளும்

தபாலில் வந்த கடிதமொன்றைப் பிரித்துப் பார்க்கும் ஒருவர், தாம் கேள்விப்பட்டேயிராத கம்பனியொன்றின் பதிவு செய்யப்பட்ட அலுவலகம் தமது வீடுதான் என அறிந்தால் எவ்வளவு திகைப்படைவார்? பிரிட்டனில் பலருக்கு இந்த அனுபவம் ஏற்பட்டிருக்கிறது. வேறு சிலர் தமது பெயரும் பிறந்த திகதியும் களவாடப்பட்டு, முன்பின் அறியாத கம்பனிகளின் பணிப்பாளர்களாகத் தாம் ஆக்கப்பட்டிருப்பதைக் காலம் கடந்தே அறிந்து கொண்டனர்.

பிரிட்டனின் கம்பனிப் பதிவுமுறை 1844 ஆம் ஆண்டின் சட்டத்துடன் ஆரம்பமானது. சமர்ப்பிக்கப்படும் ஆவணங்களை நல்லெண்ணத்துடன் ஏற்றுக் கோவைப்படுத்துவதே பதிவாளரின் கடமை என்றும், அவற்றின் உண்மைத் தன்மையை ஆராய்வது அவரது பொறுப்பன்று என்றும் நீண்டகாலமாகக் கருதப்பட்டு வந்தது. 2024 ஏப்ரல் வரை வெறும் 12 பவுண் கட்டணத்தில் இணையத்தின் மூலம் கம்பனியொன்றைப் பதிவு செய்ய முடிந்தது. இந்தப் பலவீனத்தை அம்பலப்படுத்துவதற்காக, அரசியல்வாதியொருவரின் பெயரை அவரது அனுமதியின்றிப் பணிப்பாளராகப் பதிவு செய்த ஒருவருக்கு 2018 இல் நீதிமன்றம் அபராதம் விதித்தது. பொய்த் தகவல் வழங்கியமைக்காக அங்கு தொடுக்கப்பட்ட முதலாவது வழக்கில் அகப்பட்டவர், குறைபாட்டைச் சுட்டிக்காட்ட முனைந்தவரே என்பது முரண்நகை.

பதிவேட்டுப் பிணக்குகள் மூவகைப்பட்டவை. முதலாவது பெயர் பற்றியது. ஏற்கெனவே உள்ள பெயரை ஒத்த பெயரை மாற்றுமாறு பதிவாளர் பணிக்கலாம். ஒரு பெயரில் நன்மதிப்பை ஈட்டிய வர்த்தகர், 2008 முதல் இயங்கும் கம்பனிப் பெயர்கள் நியாய சபையை நாடலாம். இரண்டாவது முகவரி பற்றியது. அனுமதியின்றித் தமது முகவரி பயன்படுத்தப்பட்டால் அதன் உரிமையாளர் ஆதாரங்களுடன் விண்ணப்பிக்க, பதிவாளர் அக்கம்பனியின் முகவரியைத் தமது அலுவலக முகவரிக்கு மாற்றிவிடுவார். பொருத்தமான முகவரியைக் கம்பனி உரிய ஆதாரத்துடன் 28 நாட்களுக்குள் சமர்ப்பிக்கத் தவறினால், அதனைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் நடவடிக்கை ஆரம்பிக்கப்படலாம்.

மூன்றாவதும் மிகச் சிக்கலானதும் பணிப்பாளர் நியமனம் பற்றியது. பொய்யாகப் பெயர் சேர்க்கப்பட்டவர் திருத்தம் கோரி விண்ணப்பித்தால், சம்பந்தப்பட்டோருக்கு அறிவித்தல் அனுப்பப்படும். முன்னைய விதிகளின்படி 28 நாட்களுக்குள் உரிய முறையில் ஆட்சேபனையொன்று கிடைத்தாலே பதிவாளரின் கை கட்டப்பட்டுவிடும்; பாதிக்கப்பட்டவர் நீதிமன்றப் படி ஏற வேண்டியதுதான். மோசடி செய்தவரின் ஒரு கடிதம் பாதிக்கப்பட்டவரின் பல மாத நிம்மதியைக் குலைக்கப் போதுமானதாக இருந்தது.

2023 ஆம் ஆண்டின் பொருளாதாரக் குற்றங்கள் மற்றும் கம்பனி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இந்நிலையை மாற்ற முனைந்தது. 2024 மார்ச் 4 முதல் சந்தேகத்துக்குரிய தகவல்களை வினவவும் நிராகரிக்கவும் நீக்கவும் பதிவாளருக்குக் கூடிய அதிகாரம் கிடைத்தது. 2025 நவம்பர் 18 முதல் புதிய பணிப்பாளர்கள் தமது ஆளடையாளத்தை உறுதிப்படுத்துவது கட்டாயமாக்கப்பட்டது. ஏற்கெனவே பதவியில் இருந்தோருக்குப் படிப்படியான கால அவகாசம் வழங்கப்பட்டது.

எனினும் அதிகாரம் கூடும்போது ஆபத்தும் கூடுகிறது. பங்காளிகளுக்கிடையிலான சச்சரவில், ஒருவர் மற்றவரை நீக்குவதற்குப் பதிவாளரையே கருவியாக்க முயலலாம். யாருக்கு உரிமை என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பணி. வெளிப்படையான பொய்யை அகற்றுவது பதிவாளரின் பணி. இந்த எல்லைக்கோடு மறக்கப்படலாகாது. முன்னறிவித்தல், பதிலளிக்கும் வாய்ப்பு, காரணம் கூறப்பட்ட முடிவு ஆகிய மூன்றும் இன்றி எந்தத் திருத்தமும் நீதியாகாது.

எமது நாட்டுக்கும் இதில் பாடமுண்டு. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழான பதிவுகள் இன்று இணையவழியில் மேற்கொள்ளப்படுகின்றன. பதிவை இலகுவாக்கும் அரசு, பிழையான பதிவைத் திருத்தும் வழியையும் அதேயளவு இலகுவாக்க வேண்டும். கொழும்புக்கு வந்து சட்டத்தரணியை அமர்த்த வசதியற்ற வவுனியாவின் சிறு வர்த்தகரும் தமது மொழியில் முறையிட்டு, குறித்த காலத்துக்குள் பதில் பெறக்கூடியதாக இருக்க வேண்டும். வங்கியும் கொள்வனவாளரும் நம்பிப் பார்க்கும் பதிவேட்டில் உள்ள ஒரு பொய், ஓர் அப்பாவியின் வாழ்நாள் உழைப்பையே அழித்துவிடக் கூடும்.