பாயசம் போதும் என்றிருந்த பிறந்தநாள்

தமிழ் ஏடுகளில் முதலில் தட்டுப்படுவது மன்னனின் பிறந்தநாள். அந்த நாளின் பெருமங்கலத்தைத் தொல்காப்பியப் புறத்திணையியல் பேசுகிறது. அன்று அரசன் வெள்ளாடை உடுத்துவான், சினம் தவிர்ப்பான், சிறையில் கிடப்பவர்களை விடுவிப்பான் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். சோழர் காலத்தில் இது கோயில் விழாவாகவே வளர்ந்தது. ராஜராஜனுக்கு ஐப்பசிச் சதயம். ராஜேந்திரனுக்கு ஆடித் திருவாதிரை. தஞ்சைப் பெரிய கோயிலில் சதய விழா இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

குடிமக்கள் வீட்டுக் குழந்தைக்கு இந்த ஆரவாரம் எதுவும் கிடையாது. நட்சத்திரம் பார்க்கும் குடும்பங்களில் அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். புதுச்சட்டையின் ஓரத்தில் துளி மஞ்சள் தடவிப் போட்டுவிடுவார்கள். கோயிலில் பெயரும் நட்சத்திரமும் சொல்லி ஓர் அர்ச்சனை. வீடு திரும்பியதும் பெரியவர்கள் காலில் விழுந்து எழும் பிள்ளைக்கு நெற்றி நிறையத் திருநீறு. மதியம் இலையில் பாயசம். பக்கத்து வீட்டுக்கும் ஒரு டம்ளர் போகும். அவ்வளவுதான்.

உறவைக் கூட்டிச் செலவு செய்ததெல்லாம் காதுகுத்துக்குத்தான். குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார்த்தி, சீர் வைத்து, விருந்து போட்டார்கள். குழந்தையின் வாழ்வில் ஒருமுறை வரும் விழா அது. ஆண்டுதோறும் வரும் நாளை வீட்டோடு முடித்துக்கொண்டார்கள்.

அந்த நாளும் ஆங்கிலத் தேதியில் நிலையாக நிற்காது. தமிழ் மாதமும் நட்சத்திரமும் கூடும் நாளே பிறந்தநாள் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் தேதி முன்பின் நகரும். நாடு முழுவதற்குமான பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த பலருக்குத் தேதி கொடுத்தது பள்ளிக்கூடம். வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது! பள்ளி திறக்கும் ஜூனுக்கு வயது நிரம்பும்படி தலைமையாசிரியர் ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். சான்றிதழில் ஒன்று, வீட்டில் ஒன்று என இரண்டு பிறந்தநாளோடு வாழ்ந்த தலைமுறை அது.

கேக்கும் மெழுகுவத்தியும் ஐரோப்பிய வழக்கம். 1746-இல் ஜெர்மனியில் ட்சின்சென்டார்ஃப் பிரபுவின் பிறந்தநாளுக்கு அடுப்பு கொள்ளுமளவு பெரிய கேக் செய்து, வயதுக்கு ஒன்றாக மெழுகுவத்தி நட்டதாகக் குறிப்பு இருக்கிறது. இன்று எல்லா வீட்டிலும் ஒலிக்கும் வாழ்த்துப் பாட்டின் மெட்டு, அமெரிக்கச் சகோதரிகளான மில்ட்ரெட் ஹில்லும் பேட்டி ஹில்லும் 1893-இல் வெளியிட்ட வகுப்பறை வணக்கப் பாட்டினுடையது.

கேக் எட்டாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் ஒரு கொண்டாட்டம் தந்தது. அன்றைக்கு மட்டும் சீருடைக்கு விடுப்பு, கலர் டிரஸ். கையில் ஒரு மிட்டாய் பாக்கெட். வகுப்பு முழுக்க ஆளுக்கு ஒன்று, டீச்சருக்கு இரண்டு, மிச்சம் உயிர்த்தோழனுக்கு.

மண்டபமும் அலங்கார வளைவும் இந்த நீண்ட வழக்கத்தில் நேற்று நுழைந்தவை. நாலு பேரை வீட்டுக்கு அழைத்துப் பாயசம் ஊற்றிப் பிள்ளையின் பிறந்தநாளை நடத்தும் பெற்றோர் எதையும் குறைத்துவிடவில்லை; நம் வீடுகளில் நெடுங்காலம் நடந்ததைத்தான் செய்கிறார்கள். கூச்சமே வேண்டாம், தைரியமாக அழையுங்கள்.