இருப்புப்பாதை அகலமும் ரோமானிய ரதக் கதையும்

இருப்புப்பாதையின் இரு தண்டவாளங்களுடைய உட்பக்கங்களுக்கு இடைப்பட்ட தூரம் பாதையகலம் எனப்படும். உலகத்துப் பாதைகளிற் பாதிக்கு மேற்பட்டவை 4 அடி 8½ அங்குல அகலமுடையவை. முழு எண்ணாக அமையாத இவ்வளவுக்குக் காரணம் தேடிய ஜனங்களிடையே எழுந்த ஐதிகங்களுள் ரோமானிய ரதக் கதையே மிகப் பிரசித்தமானது.

இரண்டு குதிரைகள் பூட்டிய ரோமானியப் போர் ரதங்கள் பிரிட்டனின் சாலைகளில் தடம் பதித்தன என்றும், அத்தடங்களுக்கு இசையவே பிற்கால வண்டிகளும் அவற்றை ஒட்டி ரயில் பாதைகளும் அமைந்தன என்றும், அமெரிக்காவை அடைந்த அதே அளவு, யூட்டாவிலிருந்து ரயிலேறிச் சென்ற விண்வெளி ஓடத்தின் பூஸ்டர் ராக்கெட்டுகளுடைய பருமனையும் நிர்ணயித்தது என்றும் அக்கதை விரியும். ஆனால் ரதம் ரோமானியருக்குப் பந்தயத்துக்கும் வெற்றி ஊர்வலத்துக்கும் உரிய வாகனமாக இருந்ததேயன்றி, அவர்களுடைய சேனையின் போர்க்கருவியாக இருந்ததில்லை. ராக்கெட்டின் குறுக்களவோ 12 அடியைத் தாண்டியது. ஹேட்ரியன் சுவரின் ஹவுஸ்டெட்ஸ் கோட்டை வாயிலிற் காணும் சக்கரத் தடங்கள் இவ்வகலத்தை ஒத்திருப்பது மெய்யே. ஆயினும் விலங்குகள் இழுக்கும் வண்டி ஐந்தடிக்கு அணித்தான அகலம் பெறுவது இயல்பாதலால், அவ்வொற்றுமையைப் பரம்பரைத் தொடர்ச்சிக்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த வடகிழக்கு இங்கிலாந்திலேயே, குதிரைகள் இழுத்த பழைய வண்டிப்பாதைகள் இடத்துக்கு இடம் வேறுபட்டன: வைலமில் 5 அடி, கில்லிங்வொர்த்தில் 4 அடி 8 அங்குலம். கில்லிங்வொர்த்தில் எஞ்சின் நிர்மாணித்துத் தேர்ந்த ஜார்ஜ் ஸ்டீவன்சன், தாம் பழகிய அளவையே 1825-இல் திறக்கப்பெற்ற ஸ்டாக்டன்-டார்லிங்டன் பாதைக்கும் கொண்டார். 1830-இன் லிவர்பூல்-மான்செஸ்டர் பாதையில், சக்கரங்கள் இறுகாது ஓடும்பொருட்டு அரை அங்குலம் கூட்டப்பெற்றது. ரதக் கதை முற்றிலும் மறைத்துவிடும் சரித்திரம் இதன் பின்னரே வருகிறது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பொறியாளரான புருனெல், வேகமும் நிலைபேறும் கருதி 7 அடிப் பாதை அமைத்தார். 1845-இல் நியமிக்கப்பெற்ற கமிஷன், பரீட்சைகளில் அவருடைய ரயில்களே விரைந்து ஓடக் கண்டும், ஸ்டீவன்சனின் அகலத்தில் அதற்குள் பன்மடங்கு நீளமான பாதைகள் பரவிவிட்டமையால் அதனையே பரிந்துரைக்க, பார்லிமென்ட் 1846-இல் சட்டம் செய்தது. மேலான பொறியியல், முன்னரே போடப்பட்ட மைல்களின் தொகைக்கு வழிவிட நேர்ந்த இந்நிகழ்ச்சி, எந்த ரதக் கதையையும்விடச் சிந்தனைக்கு உரியது. கடைசி 7 அடிப் பாதை 1892-இல் மறைந்தது. அமெரிக்காவிலோ ஈரி ரயில்வே 6 அடியும் தென் மாநிலங்கள் பெரும்பாலும் 5 அடியும் கொண்டிருந்தன; தென்னகப் பாதைகள் 1886-இல்தான், இரண்டே நாட்களில், 4 அடி 9 அங்குலமாகக் குறுக்கப்பெற்றன.

ரஷ்யா பகைவர் ரயில்கள் உட்புகாதிருக்கவே 5 அடி அகலத்தை ஏற்றது என்பது பிறிதோர் ஐதிகம். பீட்டர்ஸ்பர்க்-மாஸ்கோ பாதைக்கு ஆலோசகராக வந்த அமெரிக்கப் பொறியாளர் விஸ்லர், அங்கு முன்னரே இருந்த 6 அடியினும் செலவு குறைந்ததென்று இவ்வளவைப் பரிந்துரைத்தார். தவிரவும், அகன்ற பாதையைக் குறுக்குவது எளிது. குறுகியதை அகலமாக்குவதே கடினம். 1941-இல் படையெடுத்த ஜெர்மானியர், ஒரு தண்டவாளத்தைப் பெயர்த்து அதே கட்டைகளின்மேல் மூன்றரை அங்குலம் உள்ளே தள்ளி அறைந்து, தங்கள் ரயில்களை ஓட்டினர்.