ஒட்டகப் பாட்டிலிருந்து இயர்போன் வரை: ஓடுகிறவனுக்கு யார் பாடுவது?



போன கிழமை மரதன் பயிற்சியின்போது நடந்ததை ஊரில் அநேகமானோர் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் மாணவர் ஒருவர் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு பிரதான வீதியில் ஓடியிருக்கிறார். பின்னால் வந்த லொறியின் ஹோர்ன் அவருக்குக் கேட்கவில்லை. சாரதி பிறேக் பிடித்ததால் முழங்கால் சிராய்ப்போடு தப்பினார், அல்ஹம்துலில்லாஹ்.

அதற்குப் பிறகு பெற்றோர் வட்ஸ்அப் குழுமத்தில் மூன்று நாளாக ஒரே வாதம். "போனைப் பறிமுதல் செய்யுங்கள்" என்றார் ஒருவர். "வெளிநாட்டு வீரர்கள் எல்லாம் பாட்டுக் கேட்டுத்தானே ஓடுகிறார்கள்" என்றார் இன்னொருவர். "பாட்டே வேண்டாம்" என்றார் மூன்றாமவர். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல உலமாக்கள் இருக்கிறார்கள். நாங்கள் சரித்திரம் படிப்பிக்கிறவர்கள். நெடுந்தூரம் போகிறவனுக்குப் பாட்டு என்ன செய்தது என்பதை, தெரிந்த அளவில் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

பழைய இடத்திலிருந்தே தொடங்குவோம். அரபுப் பாலைவனத்தில் ஒட்டகம் ஓட்டுகிறவர்கள் பாடும் பாட்டுக்கு 'ஹுதாஉ' என்று பெயர். அதைக் கேட்டால் ஒட்டகம் நடையைக் கூட்டும். பாரம் மறந்து போகும். ஒரு பயணத்தில் அன்ஜஷா (ரழி) அவர்கள் அப்படிப் பாட, பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்கள் வேகமெடுத்தன. கண்ணாடிப் பாத்திரங்கள் போகின்றன, மெதுவாக ஓட்டுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அவரை நிதானப்படுத்தினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் சம்பவம் இது. பாடுகிறவர் முன்னால் போகிற ஒட்டகத்தை மட்டும் பார்த்தால் போதாது, மேலே இருப்பவர் தாங்குவாரா என்றும் பார்க்க வேண்டும்.

இதைவிடக் கடுமையான கதை ஒன்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவில் இருக்கிறது. ஒருவர் பாலைவனத்தில் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறார். வாசலில் ஒட்டகங்கள் செத்துக் கிடக்கின்றன. ஓர் அடிமை விலங்கிடப்பட்டிருக்கிறார். காரணம் கேட்டால் வீட்டுக்காரர் சொல்கிறார்: இவனுக்கு நல்ல குரல். பாரம் ஏற்றிய ஒட்டகங்களுக்குப் பாடிப் பாடி மூன்று நாள் தூரத்தை ஒரே இரவில் ஓட்டி வந்துவிட்டான். பாரத்தை இறக்கியதும் ஒட்டகங்கள் விழுந்து செத்துவிட்டன, மிஞ்சியது ஒன்றுதான்.

கஸ்ஸாலி இமாம் இதைச் சொன்னது இனிய குரல் உயிர்களை எவ்வளவு ஆட்டிவைக்கும் என்று காட்டுவதற்கு. ஓட்டப்போட்டி நடத்தும் எங்களுக்கு இன்னொன்றும் தெரிகிறது. அந்த ஒட்டகங்களின் களைப்பு எங்கேயும் போகவில்லை. பாட்டு அதை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

இப்போது ஒரே தாவலில் 1911 ஆம் ஆண்டுக்கு வருவோம். நியூயோர்க்கின் மெடிசன் ஸ்குவயார் கார்டனில் அக்காலத்தில் ஆறு நாள் சைக்கிளோட்டப் போட்டி நடக்கும். இரவு பகலாக அரங்கைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். இடையிடையே பேண்ட் வாத்தியமும் வாசிப்பார்கள். லெனார்ட் அயர்ஸ் என்ற அமெரிக்கர் இதைக் கவனித்துக் கணக்கெடுத்தார். வாத்தியம் ஒலிக்கும்போது வேகம் கூடியது, நின்றபோது குறைந்தது. ஒட்டகக்காரருக்குத் தெரிந்திருந்தது அந்த வருடம் கட்டுரையாக அச்சில் வந்தது.

அதுவரைக்கும் பாட்டு எல்லோருக்கும் பொது. ஒட்டகக் கூட்டம் முழுதும் ஒரே குரலைக் கேட்டது. கரைவலை இழுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே அம்பாவுக்குத்தான் கை போட்டார்கள். 1979 ஜூலையில் ஜப்பானில் சோனி வோக்மேன் விற்பனைக்கு வந்ததோடு அது மாறத் தொடங்கியது. பக்கத்தில் ஓடுகிறவனுக்குக் கேட்காத பாட்டு, தனக்கு மட்டும் என்று ஆனது.

எதியோப்பியாவின் ஹெய்லே கெப்ரெசெலாசியை விளையாட்டுப் பிரியர்களுக்குத் தெரியும். சிறு வயதில் பத்துக் கிலோமீற்றர் ஓடிப் பாடசாலைக்குப் போய், பத்துக் கிலோமீற்றர் ஓடித் திரும்பியவர். புத்தகம் இடுக்கிய பழக்கத்தில் பிற்காலத்திலும் இடது கையை மடக்கியபடியே ஓடினார். 1996 இலும் 2000 இலும் ஒலிம்பிக் 10,000 மீற்றர் தங்கம் அவருக்குத்தான்.

1998 பெப்ரவரியில் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் உள்ளரங்கில் அவர் 2,000 மீற்றர் ஓடியபோது, 'ஸ்கட்மேன்' என்ற பாட்டு ஒலிபெருக்கியில் போடப்பட்டது. அந்தத் தாளம் தன் கால் வேகத்துக்குப் பொருந்துகிறது என்று அவரே விரும்பிக் கேட்ட பாட்டு அது. 4 நிமிடம் 52.86 செக்கனில் உலக சாதனை. இருநூறு மீற்றர் சுற்றுப் பத்து, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 29 செக்கன்.

அந்தப் பாட்டைப் பாடிய ஜோன் லார்கின் சிறு வயதிலிருந்தே திக்குவாய் உள்ளவர். திக்கிய நாக்கையே தாளமாக மாற்றி, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் உலகப் புகழ் பெற்றார். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் தலை குனிகிற பிள்ளைகளை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"அப்படியானால் வெளிநாட்டு வீரர்கள் பாட்டுக் கேட்டுத்தானே ஓடுகிறார்கள்?" என்ற கேள்விக்கு இங்கேயே பதில் இருக்கிறது. பேர்மிங்ஹாமில் ஒலித்த பாட்டு ஓடிய எல்லோருக்கும் கேட்டது. காதுக்குள் தனியாகக் கேட்டது அல்ல. போட்டியின்போது வீரர் வானொலியோ கைத்தொலைபேசியோ வைத்திருப்பதை உலகத் தடகள விதிகள் அனுமதிப்பதில்லை. அது வெளி உதவியாகக் கணக்கெடுக்கப்படும். 2007 இல் அமெரிக்கத் தடகளச் சங்கம் ஹெட்போனை எல்லா ஓட்டக்காரருக்கும் தடை செய்தது. ஒரு காரணம் வீதிப் பாதுகாப்பு. எதிர்ப்பு வந்ததால் அடுத்த வருடம் பொதுமக்களுக்குத் தளர்த்தி, பரிசுக்காக ஓடுகிறவர்களுக்கு மட்டும் தடையை வைத்துக்கொண்டது. அதே 2008 இல் ஹெய்லே பேர்லினில் மரதனை 2 மணி 3 நிமிடம் 59 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்தார். அந்த 42 கிலோமீற்றரில் அவர் காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை.

லண்டனில் புரூனல் பல்கலைக்கழகத்தின் கொஸ்டாஸ் கராஜோர்கிஸ் இதைப் பல வருடங்களாக ஆராய்ந்தவர். மிதமான வேகத்தில் ஓடும்போது இசை களைப்புணர்வைக் குறைக்கிறது, முழு வேகத்தில் ஓடும்போது உடம்பின் சத்தமே மேலோங்கிவிடுகிறது என்பது அந்த ஆய்வுகளின் சாரம். எங்கள் வெயிலில் ஓடுகிற பிள்ளைக்குத் தாகமும் தலைச்சுற்றும் உடம்பு கொடுக்கிற எச்சரிக்கை. அது கேட்காமல் போனால் லொறியின் ஹோர்ன் கேட்காமல் போனது போலத்தான்.

இனி எங்கள் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். போன வருட மரதனில் முதல் மூவர் வரும்வரை மைதானத்தில் ஒலிபெருக்கி முழங்கியது. மூன்றாமவர் கோட்டைத் தாண்டியதும் பரிசளிப்புக்காக நிறுத்திவிட்டோம். கடைசி மாணவர் வர இன்னும் இருபது நிமிடம் சென்றது. அவர் வந்தபோது கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒருவரும் கை தட்டவில்லை. அவர் நேரே தண்ணீர்க் குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இந்த வருடம் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓடியது அதே பிள்ளைதான்.

யாரும் அவருக்குப் பாடவில்லை. அவர் தனக்குத் தானே பாட்டுத் தேடிக்கொண்டார். இதை அறிந்த பிறகு போனைப் பறிமுதல் செய்வதோடு விஷயத்தை முடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆகவே ஊராரிடம் ஒரு வேண்டுகோள். வீதியில் ஓடும் பிள்ளைகளுக்கு இயர்போன் இல்லை, இதில் மாற்றம் கிடையாது. அதற்குப் பதிலாக மரதன் பாதையில் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நில்லுங்கள். ஒரு கோப்பை தண்ணீர் கொடுங்கள். றபான் இருந்தால் தட்டுங்கள், இல்லாவிட்டால் கையைத் தட்டுங்கள். பெயர் தெரிந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முக்கியமாக, முதலாவது பிள்ளை கடந்ததும் உள்ளே போய்விடாதீர்கள். கடைசிப் பிள்ளை கோட்டைத் தாண்டும்வரை மைதானத்தில் ஒலிபெருக்கி நிற்காது, கதிரையும் அடுக்கப்படாது. அது எங்கள் பொறுப்பு.

போட்டி நாளில் வாசலில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.