ஒரு வண்டி எண்ணின் ஆயுள்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து நம்பர் பிளேட்டுகளை அடித்துத் தருபவர்கள் கான்கார்ட் சிறையிலுள்ள கைதிகள். அங்கிருந்து புறப்பட்ட தகடு காரில் ஏறி, போலீஸ் கேமரா ஒன்றைக் கடக்கும் நொடியில் அதிலுள்ள எண் தகட்டை விட்டுத் தனியே பயணப்படுகிறது. கேமராவின் அகச்சிவப்பு ஒளி பட்டதும் இருட்டிலும் எழுத்துகள் பளிச்சென்று தெரியும். மென்பொருள் அவற்றைப் படித்து, தேடப்படும் வண்டிகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும்.

இந்தக் கேமரா பிரிட்டிஷ் போலீஸின் அறிவியல் பிரிவில் 1976-ல் உருவானது. பட்டியல் அதைவிட மூத்தது. எஃப்.பி.ஐ. 1967-ல் தொடங்கிய தேசியக் குற்றத் தகவல் மையத்தில் திருட்டு வண்டிகளுக்கு ஆரம்பத்திலிருந்தே தனிக் கோப்பு உண்டு.

எண் பட்டியலோடு பொருந்தினால் அலாரம் அடிக்கும். ஆனால் எண் மட்டும் பொருந்தினால் போதுமா? 2020 ஆகஸ்டில் கொலராடோ மாநிலத்தின் அரோரா நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் காரைப் போலீஸ் மடக்கியது. துப்பாக்கியை நீட்டி எல்லோரையும் இறக்கினார்கள். நான்கு சிறுமிகள் வாகன நிறுத்துமிடத்தின் சுடுதரையில் குப்புறக் கிடந்தார்கள். கடைக்குட்டிக்கு 6 வயது. 12 வயதுப் பிள்ளையின் கையிலும் விலங்கு. களவுபோனதோ மொன்டானா மாநிலத்து மோட்டார் சைக்கிள்! எண் ஒன்றே, மாநிலம் வேறு, வண்டியும் வேறு. தகட்டிலிருந்த மாநிலப் பெயரை ஒருவர் நின்று படித்திருந்தால் அந்தக் குழந்தைகள் அழுதிருக்க மாட்டார்கள். 2024-ல் நகர நிர்வாகம் 19 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

பட்டியலில் இல்லாத எண்கள்தான் மிகப் பெரும்பாலானவை. அவற்றை நியூ ஹாம்ப்ஷயர் சட்டம் மூன்றே நிமிடம் உயிரோடு விடுகிறது. அதற்குள் மீட்க முடியாதபடி அழித்துவிட வேண்டும். வேறெங்கும் அனுப்பக் கூடாது. கைது, அபராதச் சீட்டு, காணாமல் போனவரைத் தேடுவது போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

போலீஸ் தரப்பு வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ராத்திரி களவுபோன கார் விடிந்த பிறகுதான் புகாராகிறது. அதற்குள் அது கேமராவைத் தாண்டியிருந்தால் தடயம் போயிற்று. அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம் என்றே நான் சொல்வேன். சேர்த்து வைத்த எண்களைக் கோத்தால், ஒருவர் எந்த மருத்துவரைப் பார்த்தார், எந்தக் கூட்டத்துக்குப் போனார், யார் வீட்டில் இரவு தங்கினார் என்பதெல்லாம் வந்துவிடும். எந்தக் குற்றமும் செய்யாதவரைப் பற்றி அவ்வளவு தெரிந்துகொள்ள அரசுக்கு உரிமையில்லை.

அதே கார் எல்லை தாண்டி மேய்ன் மாநிலத்துக்குள் போனால் எண்ணின் ஆயுள் 21 நாளாகிறது. கலிபோர்னியாவில் நெடுஞ்சாலைக் காவல் படைக்கு 60 நாள் வரம்பு உண்டு. நகரப் போலீஸுக்கோ 2015-ல் அங்கே இயற்றிய சட்டம் எந்த நாள் கணக்கும் விதிக்கவில்லை.